பொந்துகளைப் பாருங்கள்: புவேர்ட்டோ ரிக்கோ வனப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

கரீபியன் தீவான புவேர்ட்டோ ரிக்கோவின் எல் யுன்கே, ரியோ அபாஹோ, மரிக்காவோ காடுகளைக் காக்கும் அதிகாரிகளுக்கு வணக்கம்.

1975-இல் காட்டில் வெறும் 13 பறவைகளாகச் சுருங்கிப்போன புவேர்ட்டோ ரிக்கோ கிளி இன்றும் பறக்கிறதென்றால் அது உங்கள் துறைகளின் உழைப்பு. அந்த நன்றியோடு ஒன்றைக் கேட்கிறோம். கிளிகளைக் கூண்டில் பெருக்கிக் காட்டில் விடுவதில் உள்ள அக்கறை, அவை முட்டையிடும் பொந்துகளின் மீதும் இருக்க வேண்டும்.

இந்தக் கிளி தானாகப் பொந்து குடைவதில்லை. முதிர்ந்த மரம் உள்ளே உளுத்துப்போய்த் தரும் இடத்தில்தான் குடியேறும். எல் யுன்கேயில் அப்படிப் பொந்து தந்தவை பெரும்பாலும் பாலோ கொலொராடோ மரங்கள். மெதுவாக வளரும் அந்த மரங்களைக் கரி சுடுவதற்காக வெட்டியபோதே கிளியின் வீடும் போய்விட்டது. இன்று நடும் கன்று பொந்தாக நம் ஆயுள் போதாது. அதுவரை செயற்கைக் கூடுகளே கதி.

அந்தக் கூடு ஆழமாக இருக்க வேண்டும். முத்துக்கண் திராஷர் என்ற பழுப்புப் பறவை கிளியின் முட்டையை உடைக்கும், குஞ்சைக் கொல்லும், பொந்தையும் பிடித்துக்கொள்ளும். ஆனால் அடிப்பகுதி கண்ணுக்குத் தெரியாத இருண்ட குழிக்குள் அது இறங்கத் தயங்கும், கிளி தயங்காது. 1970-களில் கண்டறிந்த இந்த வேறுபாடு கிளியைக் காப்பாற்றப் பெரிதும் உதவியது. ஆகவே ஒரு மீட்டருக்குக் குறைந்த ஆழத்தில் கூடு வைக்காதீர்கள். உள்ளே போடும் மரத்தூள் ஆண்டுதோறும் சேர்ந்து அடித்தளத்தை உயர்த்தும். பார்ப்பதற்கு அதே கூடுதான். திராஷருக்கோ வாசல் திறந்த மாதிரி. எனவே தூளை மாற்றும்போதெல்லாம் ஆழத்தை அளக்க வேண்டும்.

அருகிலேயே திராஷருக்கென்று ஆழம் குறைந்த பெட்டி ஒன்றையும் வையுங்கள். அதில் குடியேறும் இணை, தன் எல்லைக்குள் வேறு திராஷர்களை அண்டவிடாது. கிளிக்கு அதுவே காவல். அந்த இணையைக் கொன்றால் காலியிடத்தைத் தேடிப் புதியவை வரும். கொல்வது தீர்வு போலத் தோன்றினாலும் அது தவறு.

மழைநீர் உள்ளே கசிந்தால் முட்டை கெடும். தேனீக்கள் பொந்தைப் பிடித்தால் கிளி திரும்பிவராது. ஃபிலோர்னிஸ் ஈயின் புழுக்கள் குஞ்சின் தோலுக்குள் புகுந்து உயிரையே வாங்கும். குஞ்சு பொரித்தபின் அடிக்கடி பார்த்தால்தான் காப்பாற்ற முடியும். முட்டையிடும் காலம் பெரும்பாலும் பிப்ரவரியில் தொடங்குகிறது. இணைகள் அதற்கு முன்பே பொந்து தேடத் தொடங்குவதால், டிசம்பருக்குள் கூடுகளைச் சரிபார்த்து முடித்தாக வேண்டும்.

சூறாவளியையும் மறக்கக் கூடாது. 1989-இல் ஹியூகோ காட்டுக் கிளிகளைப் பாதியாக்கியது. 2017-இல் மரியா எல் யுன்கேயின் காட்டுக் கூட்டத்தையே துடைத்தது. காற்றுக்குத் தப்பிய பறவையும், அதன் முக்கிய உணவான சியெர்ரா பனையின் பழங்கள் உதிர்ந்துவிட்டால் பட்டினிதான். புயலுக்குப்பின் உணவுத்தட்டுகளை முதல் வாரத்திலேயே ஏற்றுங்கள். பாதையைச் சீர்செய்யும்போது, ஆளுக்கு ஆபத்தில்லாத இடங்களில் பட்டுப்போன பெரிய அடிமரங்களை வெட்டாமல் விடுங்கள்.

இப்படிக்கு,
கிளிகளின் வாழ்வியலை அறிந்தவர்கள்