ஐப்பசி மழைக்கு முன் ஊற்றுக் கிணற்றின் சுவரை எழுப்ப நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

சேர்வராயன் அருளாலும் காவேரியம்மன் அருளாலும் நம் ஊர் ஊற்றுக் கிணற்றின் சீரமைப்பு பாதியைத் தாண்டிவிட்டது, கையிருப்பு தீர்ந்துவிட்டது. ஐப்பசி பிறக்க 19 நாட்களே உள்ளன. வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால், மேல் சரிவிலுள்ள காப்பித் தோட்டத்து மண் சுவரில்லாத வடக்குப் பக்கமாக இறங்கி, தூர் வாரிய உழைப்பையெல்லாம் மூடிவிடும்.

வெளியூரில் வளர்ந்த பிள்ளைகளுக்காக இதன் பெருமையைச் சொல்கிறோம். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820-களில் இம்மலைக்குக் காப்பிச் செடியைக் கொண்டுவருவதற்கு முன்பே, சுண்ணாம்பில்லாமல் கல்லோடு கல் பொருத்தி நம் முன்னோர் கட்டிய கிணறு இது என்பது பெரியவர்கள் வாக்கு. எத்தனை தலைமுறைக்கு முன் என்பதில் அவர்களுக்குள்ளேயே வழக்கு உண்டு. அதற்குள் நாங்கள் போகவில்லை. மே மாதத் திருவிழாவுக்குச் சேர்வராயன் கோயிலுக்கு நடந்து செல்வோர் இங்கே தாகம் தீர்த்தே மேலேறினார்கள்.

இவ்வேலையை முன்னின்று நடத்துபவர்கள் சேலத்திலிருந்து வரும் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் 42 பேர். இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரச் சேவையும் ஏழு நாள் சிறப்பு முகாமும் அவர்கள் கணக்கு. முகாம் முடிந்த பிறகும் சனி, ஞாயிறுகளில் 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வருவது எந்தக் கணக்கிலும் சேராது. நாளுக்கு ஒருவர் தலைமையேற்க வேண்டும் என்பது அவர்களே வைத்துக்கொண்ட விதி. மணல் அளவைத் தவறாகக் கணக்கிட்ட மாணவர், ஊர்க் கூட்டத்தில் எழுந்து தம் பிழையை ஒப்புக்கொண்டு, மறு வாரமே மூன்று இடங்களில் விலை கேட்டுக் குறைந்த விலைக்கு வாங்கி வந்தார். வரவு செலவு எழுதும் பொருளியல் மாணவி, குழுவினராகிய நாங்கள் தேநீருக்கும் போண்டாவுக்கும் செலவிட்ட 1,800 ரூபாயையும் கூட்டத்தில் உரக்கப் படித்தார். அன்று முதல் தேநீர் எங்கள் சொந்தச் செலவு.

மொத்த மதிப்பீடு 3,40,000 ரூபாய்: கருங்கல்லும் கொத்தனார் கூலியும் 1,15,000, சிமெண்ட், மணல் 68,000, ஜீப் வாடகை 22,000, தொட்டியும் குழாயும் 1,35,000. வந்தது 2,12,500. குறைவது 1,27,500.

ஒரு நாள் கூலியை அப்படியே தந்த தோட்டத் தொழிலாளர் தாய்மார்களுக்கும், சேமிப்பிலிருந்து 15,000 ரூபாய் வழங்கிய மகளிர் சுய உதவிக் குழுவினருக்கும், வாடகை வாங்காமல் மூன்று நடை கல் ஏற்றி வந்த ஜீப் ஓட்டுநருக்கும், மாணவர்களுக்குத் தம் வீட்டுத் திண்ணையையும் களியும் கீரைக் குழம்பும் தந்த பாட்டிமார்களுக்கும், பெங்களூரிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் கேளாமலே அனுப்பிய உறவினர்களுக்கும் எங்கள் நன்றி என்றும் உரியது.

தைப்பொங்கல் கூட்டத்தில் ஆளுக்கு 5,000 ரூபாய் என்று சொல்லிக் கைதட்டல் பெற்ற 11 பேரின் தொகை இன்னும் வரவில்லை. இந்த ஊர்த் தண்ணீர் குடிக்காத பிள்ளைகள் மண் சுமக்கையில், குடித்து வளர்ந்தவர்கள் ஒதுங்கி நிற்பது நமக்கு அழகா என்பதை அவர்களே எண்ணிப் பார்க்கட்டும். பெயர்களை வெளியிடும் நோக்கம் குழுவுக்கு இப்போதைக்கு இல்லை.

வரும் ஞாயிறு காலை 10 மணி முதல் கிணற்றடியில் நன்கொடை பெறப்படும். ரசீதை மாணவர்களே எழுதித் தருவார்கள். கணக்கு அன்று மாலையே ரேஷன் கடைச் சுவரில் ஒட்டப்படும்.

இப்படிக்கு,
ஊற்றுக் கிணறு சீரமைப்புக் குழுவினர்