ஆறாம் படி

தேத்தாக்குடி
வைகாசி 12

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். கோயம்புத்தூரில் நீயும் மருமகளும் பேரனும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னதிலேயே மனம் நிற்கிறது. முல்லைத் தோட்டத்தில் 200 அடிக்கு ஆழ்துளைப் போர் போட்டு, உங்கள் கம்பெனியின் நீர்மூழ்கி மோட்டார் ஒன்றை இறக்கிச் சொட்டுநீர்க் குழாய் இழுத்துவிட்டால் அப்பா பூவாளி தூக்க வேண்டியதில்லை என்றாய். பணமும் அனுப்புகிறேன் என்றாய். என் முழங்காலை நினைத்துத்தான் சொன்னாய் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் உடனே மறுக்க வாய் வரவில்லை. பார்க்கலாம் என்று சொல்லி வைத்துவிட்டேன். அது சரியில்லை என்று இரவெல்லாம் தோன்றியது. போர் வேண்டாம், தம்பி. ஏன் வேண்டாம் என்பதைப் போனில் சொன்னால் பாதியில் நின்றுவிடும் என்று எழுத உட்கார்ந்தேன்.

உன் வீட்டுக்குப் பக்கத்தில் 900 அடி வரை துளை போட்டுத் தண்ணீர் எடுத்ததாகப் போன முறை சொன்னாய். உங்கள் ஊர் பாறை. கீழே போகப் போக எங்கேயாவது ஒரு வெடிப்பில் தண்ணீர் கிடைக்கும். ஆழம் போனவனுக்குத்தான் தண்ணீர் என்பது அந்த மண்ணின் நியாயம். நம் மண்ணுக்கு நியாயம் வேறு. நீ பத்தாம் வகுப்பு முடித்ததும் விடுதிக்குப் போய்விட்டாய். இதையெல்லாம் உனக்குச் சொல்லித் தர எனக்கு நாள் வாய்க்கவில்லை.

தமிழ்நாட்டு வரைபடத்தை எடுத்துப் பேரனையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள். சென்னையிலிருந்து நாகப்பட்டினம் வரை தெற்கே இறங்கிவரும் கடற்கரை, கோடியக்கரையில் சட்டென்று மேற்கே திரும்புகிறதா? அந்த முனைதான் நாம். கிழக்கே வங்கக் கடல். தெற்கே பாக் நீரிணை. மேற்கே முத்துப்பேட்டை வரை சேற்று நிலமும் அலையாத்திக் காடும். மூன்று பக்கமும் உப்பு. வடமேற்கில் மட்டும் காவிரியின் கடைசிக் கிளைகளான அரிச்சந்திரா நதியும் அடப்பாறும் வருகின்றன. அவை தலைஞாயிற்றுப் பக்கத்து வயல்களுக்கு உதவும். நம் மணல் மேட்டுக்கு அந்தத் தண்ணீர் ஏறியதே இல்லை.

நம் ஊர்ப் பெயர்களைச் சொல்லிப் பார். கத்தரிப்புலம், கருப்பம்புலம், ஆயக்காரன்புலம் எல்லாம் புலம், மேட்டு நிலம், கொல்லை. வெள்ளப்பள்ளம், பஞ்சநதிக்குளம் என்றால் தண்ணீர் தங்கும் தாழ்வு. தோப்புத்துறை, ஆறுகாட்டுத்துறை என்றால் படகு வந்து நின்ற இடம். கோடியக்காடு காடேதான். மேடும் பள்ளமும் மாறி மாறி வருவதற்குக் காரணம் இருக்கிறது. கடல் ஒரு காலத்தில் உள்ளே நின்றது. கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வாங்கியபோது, நின்ற இடத்தில் எல்லாம் ஒரு மணல் வரப்பை விட்டுவிட்டுப் போனது. நம் வீடு இருப்பது அப்படி ஒரு பழைய கடற்கரையின் முதுகில். சிறுவயதில் கொல்லையில் கிளிஞ்சல் பொறுக்கி வந்து அம்மாவிடம் காட்டுவாயே, அது யாரும் கொண்டுவந்து போட்டது இல்லை.

இந்த மணல் முதுகின் மேல் ஐப்பசி, கார்த்திகையில் கொட்டும் மழை ஓடாது, உள்ளே இறங்கும். இறங்கி எங்கே போகிறது? கீழே ஏற்கெனவே கடல் நீர் நிற்கிறது. மழைநீர் லேசானது, கடல்நீர் கனமானது. ஆகவே நல்ல நீர் உப்பு நீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. நிலத்தடி நீரை அளக்க வந்த பொறியாளர் ஒருவர் நம் திண்ணையில் உட்கார்ந்து எனக்கு ஒரு கணக்குச் சொன்னார். இத்தனை வருடமாகியும் மறக்கவில்லை. கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி உயரத்துக்கு நல்ல நீர் நின்றால், அதன் கனம் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு உப்பு நீரை அமுக்கி வைத்திருக்கும். அதையே திருப்பிப் பார். மோட்டார் போட்டு மேலே 1 அடி இறக்கினால், நாளாக ஆக உப்பு 40 அடி மேலே ஏறி வரும். நீ மோட்டார் கம்பெனியில் இருப்பவன், இந்தக் கணக்கு என்னைவிட உனக்கு நன்றாகப் புரியும். 200 அடிக்குக் குழாய் இறக்கினால் அது உப்பின் மடியில் போய் உட்காரும்.

மேற்குத் தெருவில் ஒருவர் போட்டார். முதல் வருடம் தண்ணீர் பீறிட்டது. ஊரே போய்ப் பார்த்தது. இரண்டாம் கோடையில் சோப்பு நுரைக்கவில்லை. மூன்றாம் கோடையில் முல்லை இலையின் நுனி தீய்ந்தது. நெருப்பில் காட்டிய காகிதம் போல ஓரத்திலிருந்து உள்ளே பழுப்பு ஏறியது. மோட்டாரை நிறுத்திவிட்டார். ஆனால் ஏறிய உப்பு அவ்வளவு சீக்கிரம் இறங்குவதில்லை. அவர் கொல்லை மட்டும் போனால் அவர் பாடு என்று விட்டுவிடலாம். வேலிக்கு இந்தப் பக்கம் இருந்த கிழவியின் கேணியும் கரித்துப் போனது. அவள் எந்தத் தவறும் செய்யவில்லை. மணலுக்குக் கீழே வேலி கிடையாது, தம்பி. நம் மேட்டில் நாற்பது வீடு இருக்கிறது. நாற்பது வீட்டுக்கும் ஒரே தண்ணீர்.

இனி நம் குட்டையைப் பற்றிச் சொல்கிறேன். உன் கொள்ளுத்தாத்தா வெட்டியது. 12 அடி ஆழம்கூட இருக்காது. சரிவில் தென்னந்துண்டுகளைப் பதித்துப் படி கட்டியிருக்கிறது, ஒன்பது படி. நீ அதில் வழுக்கி விழுந்து முன்பல் உடைந்தது நினைவிருக்கும். விடியற்காலையில் போய்ப் பார்த்தால் தண்ணீர் ஐந்தாம் படியை நனைத்துக்கொண்டு நிற்கும். இரண்டு கையிலும் பூவாளியோடு அறுபது நடை நடந்தால் ஆறாம் படி வெளியே தெரியும். அங்கே நிறுத்திவிட வேண்டும். இது தாத்தா எனக்குச் சொன்னது, அவருக்கு அவர் அப்பா சொன்னது. ஒரு செடி பாக்கி இருந்தாலும் நாளைக்குத்தான். மறுநாள் விடியும்போது தண்ணீர் ஐந்தாம் படிக்கு வந்திருக்கும். குனிந்து பக்கச் சுவரைப் பார்த்தால் மணலில் வியர்வை போலத் துளித்துளியாக ஊறிக்கொண்டிருக்கும். மணல் தன் போக்கில்தான் தரும். நான் இளவயதில் ஒரு சித்திரை மாதம் ஆத்திரப்பட்டு எட்டாம் படி வரை இறைத்திருக்கிறேன். நாக்கில் வைத்துப் பார்த்தபோது லேசாகக் கரித்தது. பத்து நாள் குட்டைப் பக்கம் போகவில்லை. தாத்தா ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

கோடியக்கரைக் காட்டில் மட்டக் குதிரைகளை நான் பார்த்திருக்கிறேன். கோடையில் குளம்பால் மணலைப் பறித்துப் பறித்து ஒரு குழி செய்யும். கொஞ்ச நேரம் நிற்கும். ஊறியதும் குடித்துவிட்டுப் போகும். பிறகு வெளிமான் வந்து அதே குழியில் குடிக்கும். அவ்வளவு ஆழம்தான் நல்ல நீருக்குத் தேவை.

உப்பை நான் பகையாகப் பேசுகிறேன் என்று எண்ணாதே. வேதாரண்யத்தைத் தாண்டி அகத்தியம்பள்ளிக்குப் போனால் கண் கூசும் அளவுக்கு வெள்ளைப் பாத்திகள். தமிழ்நாட்டில் உப்பு விளைச்சலில் தூத்துக்குடிக்கு அடுத்தது நம் பகுதிதான். அங்கே உப்பு நீரைத் தேடி எடுத்துப் பாத்தியில் விட்டு வெயிலில் காய வைக்கிறார்கள். காலால் மிதித்து மிதித்துப் பாத்தியின் தரையை இறுக்குகிறார்கள். அந்த வேலை செய்தவர்களின் பாதத்தைப் பார்த்திருக்கிறாயா? வெடித்து, விளிம்பெல்லாம் வெள்ளையாகி இருக்கும். உன் பெரிய மாமா முப்பது வருடம் அந்தப் பாத்தியில் நின்றவர். அங்கே உப்பு சோறு போடுகிறது, இங்கே நல்ல நீர் பூ கொடுக்கிறது. நடுவே சில மைல் மணல்தான் இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறது.

அந்த உப்புக்காகத்தான் 1930 ஏப்ரல் 13ஆம் தேதி ராஜாஜி திருச்சியிலிருந்து தொண்டர்களோடு நடக்கத் தொடங்கினார். 28ஆம் தேதி வேதாரண்யம் வந்து, 30ஆம் தேதி அகத்தியம்பள்ளியில் உப்பு அள்ளினார். இது பேரனின் பாடப் புத்தகத்திலேயே இருக்கும். வழியில் அவர்களுக்குச் சோறோ இடமோ கொடுத்தால் தண்டனை என்று தஞ்சைக் கலெக்டர் தார்ன் உத்தரவு போட்டார். மக்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? சோற்றுப் பொட்டலத்தைச் சாலையோர மரக்கிளையில் கட்டித் தொங்கவிட்டுவிட்டுப் போனார்கள். கொடுத்தவர் யாரென்று எந்தப் போலீஸாலும் சொல்ல முடியவில்லை. வேதாரண்யத்தில் வைரப்பன் என்ற முடிதிருத்தும் தொழிலாளி, தன் முன்னால் உட்கார்ந்திருப்பவர் போலீஸ்காரர் என்று தெரிந்ததும் பாதிச் சவரத்தில் கத்தியை வைத்துவிட்டார். சிறைக்கும் போனார். அவருக்கு நினைவுத் தூண் இருக்கிறது. அடுத்த முறை பேரனை அழைத்துப் போய்க் காட்டுகிறேன்.

இந்த ஊரின் குணம் அந்தப் பொட்டலம்தான் என்று நான் நினைப்பதுண்டு. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் அடித்தபோது நீ ஊரில் இல்லை. தென்னையில் பாதி சாய்ந்தது. தாத்தா வைத்த மாமரம் வேரோடு போனது. புஷ்பவனத்தில் கடல் சேறு தெருவுக்குள் வந்து படிந்து கிடந்ததைப் போய்ப் பார்த்துவிட்டு உன் அம்மா இரண்டு நாள் பேசவில்லை. மின்சாரம் வாரக்கணக்கில் இல்லை. கொள்ளிடத்துக் குழாய்த் தண்ணீரும் வரவில்லை. மோட்டாரை நம்பியவர்கள் தவித்தார்கள். நம் குட்டையில் சாய்ந்து கிடந்த மட்டைகளை இழுத்துப் போட்டுவிட்டு, மொண்டு பார்த்தேன். நல்ல தண்ணீர். அன்று மாலையிலிருந்து தெருவே குடத்தோடு வந்தது. யாரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. ஆறாம் படி தெரிந்ததும் வரிசையில் நின்றவர்கள் தாங்களாகவே திரும்பிப் போய், மறுநாள் விடியலில் வந்தார்கள். அந்தப் படியின் கணக்கு நம் வீட்டுக்கு மட்டும்தான் தெரியும் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

இவ்வளவு காற்றிலும் உப்பிலும் தனியாக ஏன் இருக்கிறீர்கள், கோயம்புத்தூர் வந்துவிடுங்கள் என்று மருமகள் கேட்டாள். நல்ல மனதோடு கேட்டாள். கோடியக்கரைக் கோயிலுக்கு வந்த சுந்தரரும் இதைத்தான் சாமியிடம் கேட்டார். கடற்காற்று வந்து அறையும் இந்தக் கரையில், பக்கத்தில் ஒரு குடிகூட இல்லாமல், யார் துணை என்று இருக்கிறீர் என்று பாடினார். சாமி இன்னும் அங்கேதான் இருக்கிறார். எனக்கோ நாற்பது வீடு துணை இருக்கிறது. அவளிடம் பக்குவமாகச் சொல்.

ஆனால் முழங்கால் வலிப்பது உண்மை. அறுபது நடை இப்போது முடியவில்லை. நாற்பதோடு உட்கார்ந்துவிடுகிறேன், மீதியை அம்மா ஊற்றுகிறாள். அது எனக்குப் பிடிக்கவில்லை. ஆகவே உன்னிடம் ஒன்று கேட்கிறேன். போருக்கு என்று ஒதுக்கிய பணத்தில் பாதியை வைத்து மழைக்கு முன்னால் குட்டையைத் தூர்வாரிவிடலாம். மக்கிய படிகளையும் மாற்றலாம். ஆவணியில் ஆள் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மீதிக்கு, உங்கள் கம்பெனியில் மிகச் சிறிய மோட்டார் ஏதாவது இருக்கிறதா பார். மெதுவாக இறைக்க வேண்டும். மேல் தண்ணீரை மட்டும் எடுக்க வேண்டும். மிதவை சுவிட்ச் ஒன்று வைத்து, ஆறாம் படி தெரிந்ததும் அது தானாகவே நின்றுவிட வேண்டும். நான் மறந்தாலும், எனக்குப் பிறகு வருகிறவர்கள் அவசரப்பட்டாலும், அது நின்றுவிட வேண்டும். அப்படி ஒன்று செய்ய முடியுமா?

முடியும் என்றால் நீயே எடுத்துக்கொண்டு வா. 2023இல் அகத்தியம்பள்ளி ரயில் மறுபடி ஓடத் தொடங்கிவிட்டது, திருத்துறைப்பூண்டியில் ஏறினால் போதும். மிதவையை எந்த உயரத்தில் கட்ட வேண்டும் என்று படியில் நின்று காட்டுகிறேன்.

அம்மா முல்லை பறிக்கப் போயிருக்கிறாள். மொட்டு விரிவதற்குள் நானும் போக வேண்டும்.

அன்புடன்,
அப்பா