பழைய லேப்டாப்பைத் தூக்கிப் போடும் முன் ஹார்டு டிஸ்க்கை மாற்றிப் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம். எந்தப் புது லேப்டாப்பை வாங்கலாம் என்று உங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் அடிக்கடி எழுதுகிறீர்கள், சரி. ஆனால் கையில் இருப்பதையே இன்னும் சில வருடம் ஓட்டுவது எப்படி என்று ஒரு வரிகூட வருவதில்லை, எனக்கு அதில் வருத்தம்தான்.

ஏழெட்டு வருடம் ஆன லேப்டாப் ஆன் ஆகவே ஐந்து நிமிடம் எடுத்தால், பெரும்பாலும் காரணம் உள்ளே சுற்றுகிற ஹார்டு டிஸ்க்தான். சந்தேகம் இருந்தால் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள், பிராசஸர் சும்மா இருக்கும், டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் நிற்கும். லேப்டாப்களில் பரவலாக வந்த டிஸ்க் நிமிடத்துக்கு 5,400 முறை சுற்றும். கேட்ட தகவல் அதைப் படிக்கிற ஹெட்டுக்குக் கீழே வந்து சேர சுழற்சிக்கு மட்டுமே சராசரியாக 5.6 மில்லி செகண்ட் ஆகும், ஹெட் நகர்கிற நேரம் தனி. விண்டோஸ் ஆன் ஆகும்போது இப்படி ஆயிரக்கணக்கான துண்டுத் துண்டு ஃபைல்களுக்கு அலைய வேண்டும். அதற்குப் பதிலாகப் போடுகிற எஸ்எஸ்டியில் (சிப்பில் தகவலைச் சேமிக்கிற டிரைவ்) சுற்றுகிற பாகமே கிடையாது, சுமார் 0.1 மில்லி செகண்டில் எடுத்துவிடும். பழைய மெஷினில் டிஸ்க்கை இணைக்கிற வழி வேகம் குறைந்த சாட்டா 2 தானே, எஸ்எஸ்டி போட்டு என்ன பிரயோஜனம் என்று சிலர் சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பெரிய ஃபைல் காப்பி செய்யும்போது வேகம் பாதியாகும், அவ்வளவுதான், அன்றாட வேலைக்கு இந்தக் காத்திருப்பு குறைவதுதான் முக்கியம்.

வேலையும் பெரிதில்லை. புது எஸ்எஸ்டியை யூஎஸ்பி-சாட்டா கேபிளில் மாட்டி, குளோன்ஸில்லா மாதிரி இலவச மென்பொருளில் பழைய டிஸ்க்கில் இருப்பதை அப்படியே நகலெடுத்து, அதாவது குளோன் செய்துவிட்டு, பேட்டரியைக் கழற்றி, பவர் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடித்த பிறகு டிஸ்க்கை மாற்றலாம். பழைய டிஸ்க் 9.5 மிமீ தடிமனாக இருந்தால் 7 மிமீ எஸ்எஸ்டி லேசாக ஆடும், சில எஸ்எஸ்டியோடு வருகிற பிளாஸ்டிக் சட்டத்தை ஒட்டினால் போதும். டிஸ்க்கைப் பூட்டி வைக்கிற விண்டோஸின் பிட்லாக்கர் வசதி ஆனில் இருந்தால் முதலில் அதை நிறுத்தி வையுங்கள், ரெக்கவரி கீயையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், டிஸ்க்கில் டிக் டிக் சத்தம் வந்தால் குளோனெல்லாம் பிறகு, போட்டோவையும் முக்கியமான ஃபைல்களையும் உடனே வேறு இடத்துக்கு எடுத்துவிடுங்கள்.

எல்லா லேப்டாப்புக்கும் இது ஆகாது. சேமிப்புச் சிப் போர்டிலேயே பற்றவைத்த இஎம்எம்சி மாடல்களில் கழற்ற டிஸ்க்கே இருக்காது. சாட்டாவுக்கு முந்தைய ஐடிஇ இணைப்பு உள்ள ரொம்பப் பழைய மெஷினில் சாட்டா எஸ்எஸ்டி நேரடியாகப் பொருந்தாது.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்ததைக் காட்டியும் நல்ல மெஷின்களை ஒதுக்குகிறார்கள். எஸ்எஸ்டியோடு, விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டால் அவற்றில் நிறைய இன்னும் படிக்கவும் எழுதவும் தாராளமாக உதவும். மூடியைத் திறப்பது முதல் பழைய டிஸ்க்கை முழுதாக அழிப்பது வரை படங்களோடு ஒரு முழுப் பக்கம் போடுங்கள், ஆசிரியரே.

இப்படிக்கு,
ஒரு வாசகர்