அந்த ஒரு வரியைத் திருத்துங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழில் பஞ்சாலைகளின் வரலாறு பற்றிய கட்டுரையில், பிரசவ விடுப்பு ‘முதலாளிகளின் தாயுள்ளம் தந்த கொடை’ என்று ஒரு வரி. இரண்டு நாளாக மனசு ஆறவில்லை.

கொடுத்தவர்களே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஜாம்ஷெட்பூர் டாடா ஆலை 1928-லேயே பேறுகால உதவி தந்தது. ஆனால் பம்பாய் மில்களின் கதை தாங்கள் அறியாததல்ல. பிள்ளை அழாமல் தூங்க அபின் உருண்டையைக் கொடுத்துவிட்டுத்தான் தாய்மார்கள் வேலைக்குப் போனார்கள். தொழிலாளர் நிலையை ஆராய பிரிட்டிஷ் அரசு அமைத்த விட்லி கமிஷன் அறிக்கையிலேயே இது இருக்கிறது. 1928-ல் பம்பாய் சட்டசபைக்குப் பேறுகால உதவி மசோதா வந்தபோது ஆலை முதலாளிகள் எதிர்த்தார்கள். பிள்ளை பெறும் பெண்ணின் உழைப்பில் லாபம் பார்க்கிற முதலாளியும் செலவில் ஒரு பங்கை ஏற்க வேண்டும் என்று வாதாடியவர் அம்பேத்கர். 1929-ல் அது சட்டமானது. கட்டுரையில் அவர் பெயர் ஓரிடத்தில்கூட இல்லை.

என் அம்மா கோவைப் பக்கம் ஒரு மில்லில் கோன் வைண்டிங்கில், அதாவது நூலைக் கூம்புகளில் சுற்றும் பிரிவில், வேலை பார்த்தவர். நான் பிறந்தது 1964-ல். 50 பெண்களுக்கு மேல் வேலை செய்தால் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 1948-லேயே தொழிற்சாலைச் சட்டம் சொல்லிவிட்டது. அந்த மில்லிலும் ஓர் அறை இருந்தது, வரிசையாகத் தொட்டில்களோடு. இன்ஸ்பெக்டர் வரும் நாளில் மட்டும் பூட்டைத் திறப்பார்கள். மற்ற நாளெல்லாம் பாட்டி என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு மில் கேட்டுக்கு நடந்து வருவார். டீ நேரத்தில் அம்மா ஓடி வந்து, வாட்ச்மேன் அறைக்குப் பின்னால் சுவரைப் பார்த்து உட்கார்ந்து பால் கொடுப்பார். பால் கசிந்து நனைந்த ரவிக்கையில் பஞ்சு ஒட்டிக் காய்ந்துவிடும். ராத்திரி வெந்நீர் ஊற்றித்தான் அதை எடுப்பாராம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பேறுகாலச் செலவு வருகிறதே என்று கல்யாணமான பெண்களைச் சேர்ப்பதையே குறைத்த ஆலைகள் உண்டு. அப்புறம் சுமங்கலித் திட்டம் என்று, சில வருஷம் வேலை பார்த்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் தருவதாகச் சொல்லி, கல்யாணமாகாத பெண் பிள்ளைகளை விடுதியில் வைத்து வேலை வாங்கினார்கள். அதையும் தங்கள் இதழ் ஒருமுறை நல்ல சேமிப்புத் திட்டம் என்று எழுதியது. அன்றைக்கும் கடிதம் போட்டேன். வெளிவரவில்லை.

அடுத்த இதழில் ஒரு வரி திருத்தம் போட்டால் போதும். அம்மாவுக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை, நான்தான் இதழை வாசித்துக் காட்டுகிறேன். அந்தப் பக்கத்தை மட்டும் இன்னும் வாசிக்காமல் மடித்து வைத்திருக்கிறேன்.

தங்கள் நீண்டநாள் வாசகி,
கோயம்புத்தூர்