உன் சுருட்டை முடியை நேராக்க வேண்டாம், பாப்பா

தருமபுரி

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதுவது.

இங்கே அம்மா, ஆயா, நான் எல்லோரும் நலம். ஆயாவுக்கு முட்டி வலி மட்டும் வருவதும் போவதுமாக இருக்கிறது. கல்யாணத்துக்கு முன்னால் தலைமுடியை ஸ்மூத்தனிங் செய்துகொள்ளலாமா என்று நீ அம்மாவிடம் கேட்டாயாம். பார்லரில் ஒரு பெண், "இந்த முடியை வைத்துக்கொண்டு எந்த அலங்காரமும் நிற்காது" என்று சொன்னாளாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு மனசு கேட்கவில்லை. போனில் பேசினால் ஆபீஸ் வேலைக்கு நடுவே பாதிதான் காதில் ஏறும், அளவெல்லாம் மறந்துபோகும். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். சித்தப்பா ஞாயிற்றுக்கிழமை பெங்களூர் வருகிறார், அவரிடம் ஒரு பை கொடுத்து அனுப்புகிறேன். இந்தக் கடிதமும் அந்தப் பையில்தான் இருக்கும்.

முடிவு உன்னுடையதுதான். ஆனால் எனக்குத் தெரிந்ததைச் சொல்லாமல் இருக்க முடியாது. கெரட்டின், ஸ்மூத்தனிங் என்று பல பெயரில் செய்கிறார்களே, அதில் போடுகிற மருந்து பலவற்றில் ஃபார்மால்டிஹைட் இருக்கும், அல்லது சூடுபட்டதும் அது ஆவியாக வெளியே வரும். கண் எரிச்சல், தொண்டைக் கரகரப்பு எல்லாம் அதனால்தான். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-லேயே இதை மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள் என்று வகைப்படுத்திவிட்டது. ரீபாண்டிங் வேறு வகை. முடிக்கு உருவம் கொடுக்கும் கந்தகப் பிணைப்புகளையே உடைத்து, இழுத்து, நேராக வைத்து மறுபடி ஒட்டுகிற வேலை அது. இரண்டில் எதைச் செய்தாலும் வேர் மாறாது. தோலுக்குள் முடி முளைக்கும் குழி எந்த வடிவில் இருக்கிறதோ, அப்படித்தான் முடி வரும். மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் முடி வளரும். ரீபாண்டிங் செய்து ஆறு மாதம் போனால் மேலே சுருட்டை, கீழே கோரை என்று இரண்டும் கெட்டானாக நிற்கும். அதைச் சரிசெய்ய மறுபடி அதே பார்லருக்குப் போக வேண்டும்.

உன் முடி ஆயாவின் முடி. நீ பிறந்ததும் உன் தலையைத் தடவிப் பார்த்து, "கோரை முடி குடியைக் கெடுக்கும், சுருட்டை முடி சோறு போடும்" என்று ஆஸ்பத்திரியிலேயே சொன்னவர் அவர். அந்த முடியில் குறை ஒன்றும் இல்லை. தாகம்தான் இருக்கிறது. தலைத்தோலில் ஊறும் எண்ணெய்ப் பசை, நேரான முடியில் சரசரவென்று நுனிவரை இறங்கிவிடும். சுருட்டையில் அது தொப்பூர் கணவாயில் லோடு லாரி போவது மாதிரி ஒவ்வொரு வளைவிலும் திணறும், பாதி தூரம்கூடப் போய்ச் சேராது. அதனால்தான் உனக்கு உச்சி பிசுபிசுப்பாகவும் நுனி துடைப்பமாகவும் இருக்கிறது. நீ அதைப் பார்த்துத் தினமும் ஷாம்பு போடுகிறாய். இருக்கிற கொஞ்சம் பசையும் போய்விடுகிறது.

அடுத்தது தண்ணீர். நம் மாவட்டத்து போர் தண்ணீர் எப்படி என்று உனக்கே தெரியும். ஃபுளூரைடு பிரச்சினைக்காக ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் வந்த பிறகு குடிப்பதற்குக் காவேரித் தண்ணீர் கிடைத்தது, குளிப்பதற்கு இன்னும் பல வீடுகளில் உப்புத் தண்ணீர்தான். நீ இருக்கும் அபார்ட்மெண்டிலும் டேங்கர் தண்ணீர் என்றாய். அதுவும் எங்கோ ஒரு போரில் இறைத்ததாகத்தான் இருக்கும். அந்தத் தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து முடியின் மேல் படிந்துகொண்டே போகும். பாத்ரூம் குழாய் வாயில் வெள்ளையாகப் பொரிந்து நிற்கிறதே, அதே சரக்குதான். சோப்பு போட்டால் இன்னும் மோசம். சோப்பும் சுண்ணாம்பும் சேர்ந்து திரிந்து, கழுவினாலும் போகாத ஒரு பிசுக்காக முடியில் ஒட்டிக்கொள்ளும். சீயக்காய், பூந்திக்கொட்டை நுரை அப்படித் திரியாது. உப்புத் தண்ணீர் ஊரில் நம் ஜனங்கள் இத்தனை காலம் சீயக்காயும் அரப்பும் விடாமல் பிடித்துக்கொண்டதற்கு இதுவும் ஒரு காரணம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

சரி, பையில் இருப்பதைச் சொல்கிறேன்.

பச்சை நிறப் பொடி அரப்பு. நம் பக்கத்துக் கரடுகளில் தானாக வளர்ந்து நிற்கிற உசிலை மரத்தின் இலை. நிழலில் உலர்த்தி, அரைத்து, வெள்ளைத் துணியில் சலித்தது. ஒரு கிள்ளு எடுத்து இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பார், மணல் மாதிரி நெருடக்கூடாது. தண்ணீர் பட்டதும் வழவழவென்று ஆகும். உன் முடிக்கு அந்த வழவழப்புதான் முக்கியம். மிளகாய், மல்லி அரைக்கும் மிஷினில் இதை அரைக்க நான் விடுவதே இல்லை. சீயக்காய்க்கு என்று தனியாக மில் வைத்திருப்பவரிடம்தான் கொடுத்தேன். மிளகாய் ஓட்டிய கல்லில் அரைத்த பொடியைத் தலையில் வைத்தால் எரிச்சல் ஒரு நாள் முழுக்க அடங்காது. வெளியில் எங்கே வாங்கினாலும் இதைக் கேட்டுவிட்டு வாங்கு.

சீயக்காயைப் பொடியாக வைக்கவில்லை, முழுக் காயாகவே வைத்திருக்கிறேன். சுருட்டை முடியில் பொடியை அப்படியே தேய்த்தால் துகள் சுருளுக்குள் மாட்டிக்கொள்ளும். அதை எடுக்க நீ கசக்கக் கசக்க முடி சிக்காகி அறுந்துபோகும். "சீயக்காய் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்று சுருட்டை முடிக்காரர்கள் நம் கடையில் வந்து சொல்வார்கள். விசாரித்தால் பெரும்பாலும் இந்தக் கதைதான். ஒரு கைப்பிடி காய், கொட்டை நீக்கிய பூந்தித் தோல் மூன்று, வெந்தயம் ஒரு ஸ்பூன். இரவே ஊறவைத்துக் காலையில் ஒரு கொதி விடு. ஆறியதும் கையால் பிசைந்து மெல்லிய துணியில் வடிகட்டு. பூந்தியை அதற்கு மேல் சேர்க்காதே. நுரை நன்றாக வரும், ஆனால் முடியை வறட்டிவிடும். வடித்த தண்ணீரை ஃபிரிட்ஜில் இரண்டு மூன்று நாள் வைக்கலாம், அதற்கு மேல் புளித்துவிடும். தலையில் ஊற்றும்போது கண்ணை இறுக மூடிக்கொள்.

வாரத்துக்கு ஒரு நாள் சீயக்காய்த் தண்ணீர், ஒரு நாள் அரப்பு. போதும். அரப்பை வெதுவெதுப்பான வடிகஞ்சியில் கரைத்துக் கால் மணி நேரம் விட்டு, அதையும் வடிகட்டித்தான் ஊற்ற வேண்டும். குக்கரில் சோறு வைக்கிறாய் என்றால் வடிகஞ்சிக்கு எங்கே போவாய்? அரிசி ஒரு பிடி போட்டுத் தனியாக வேகவைத்து இறுத்துக்கொள். கடைசியாக ஊற்றும் ஒரு சொம்பு மட்டும் ஆர்ஓ தண்ணீராக இருக்கட்டும். அதில் அரை மூடி எலுமிச்சை பிழிந்துகொள். படிந்த சுண்ணாம்பு கொஞ்சம் இளகும், முடியின் மேல்தோல் படிந்து பளபளக்கும். எலுமிச்சையை நேராகத் தலைத்தோலில் தேய்க்கச் சொல்லி யாராவது சொன்னால் கேட்காதே. சமையல் சோடாவும் வேண்டவே வேண்டாம். செடியிலிருந்து வந்தது என்பதற்காக எல்லாமே எல்லாருக்கும் சேரும் என்றும் நினைக்காதே. எந்தப் பொடியானாலும் முதலில் முழங்கையின் உள்பக்கம் கொஞ்சம் தடவி ஒரு நாள் பார்த்துவிட்டுத் தலைக்கு வை.

எண்ணெய் விஷயத்தில் அம்மாவும் நானும் ஒத்துப்போவதில்லை. அவள் உச்சியில் சொட்டச் சொட்ட வைத்து இரவெல்லாம் ஊறவிடச் சொல்வாள். உனக்குப் பொடுகு இருக்கிறது, பொடுகை உண்டாக்கும் கிருமிக்கு எண்ணெய்தான் தீனி. உச்சியை விட்டுவிடு. தலை குளிக்கும் முன் அரை மணி நேரம், காதுக்குக் கீழே நுனிவரை செக்குத் தேங்காய் எண்ணெய் தடவு. தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் வைத்து 2003-ல் நம் நாட்டிலேயே ஆராய்ந்து எழுதினார்கள். முடிக்குள் இறங்கி, குளிக்கும்போது புரதம் கரைந்து போவதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டும்தான். அதிலுள்ள லாரிக் அமிலம் சிறிய, நேரான மூலக்கூறு, அதனால் உள்ளே நுழைகிறது. நுனி ரொம்ப வறண்டிருந்தால் அதில் கால் பங்கு விளக்கெண்ணெய் கலந்துகொள். இதை வைத்தால் முடி அடி அடியாக வளரும் என்று சொல்லி நான் யாருக்கும் விற்றதில்லை, உனக்கும் சொல்லமாட்டேன். இருக்கிற முடி உடையாமல் இருக்கும், அவ்வளவுதான்.

சின்ன டப்பாவில் இருப்பது ஆளி விதை. இப்போதெல்லாம் காலேஜ் பெண்கள் கடைக்கு வந்து இதைத்தான் கேட்டு வாங்குகிறார்கள். ஒருத்தி செய்முறையைச் சொன்னாள், அம்மா வீட்டில் செய்து பார்த்தாள், அருமையாக வந்தது. கால் டம்ளர் விதைக்கு இரண்டு டம்ளர் தண்ணீர். கொதிக்கவிட்டுக் கிண்டிக்கொண்டே இரு. கரண்டியைத் தூக்கினால் முட்டை வெள்ளைக்கரு மாதிரி நூலாக இறங்க வேண்டும். அந்த நிமிடமே அடுப்பை அணைத்துச் சூட்டோடு வடிகட்டு. ஆறவிட்டால் கெட்டியாகி வலையில் இறங்கவே இறங்காது. குளித்த தலையில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கும்போதே இதைத் தடவி, நுனியை உள்ளங்கையில் அள்ளி மேல் நோக்கி மெல்ல அமுக்கு. சுருள் தானாகக் கூடும். காய்ந்ததும் கொஞ்சம் மொடமொடப்பாக இருக்கும், கையால் லேசாகக் கசக்கினால் போய்விடும். இதுவும் ஃபிரிட்ஜில் ஒரு வாரம்தான் தாங்கும்.

காய்ந்த முடியில் சீப்பைப் போடாதே, பாப்பா. உன் முடி பூதம் மாதிரி எழும்பி நிற்கிறது என்று நீ அழுவதெல்லாம் அதனால்தான். பையில் அகலப் பல் மரச்சீப்பு இருக்கிறது. முடி நனைந்து வழவழப்பாக இருக்கும்போது மட்டும், நுனியில் ஆரம்பித்து மெல்ல மேலே வர வேண்டும். டர்க்கி டவலால் தேய்க்காமல் என் பழைய வேட்டித் துண்டால் ஒற்றி எடு, அதையும் மடித்து வைத்திருக்கிறேன். அப்புறம் ஒரு பட்டுத் தலையணை உறை. நம் ஊரில் பட்டுக்கூடு அங்காடியே இருக்கும்போது என் பெண் பருத்தி உறையில் முடியை உரசிக்கொண்டு தூங்க வேண்டுமா? அம்மா ஒரு பழைய பட்டுப்புடவையின் உடலை வெட்டித் தைத்தாள். ஜரிகை கிடையாது, குத்தாது.

தலை குளிக்கும்போது கொத்தாக முடி வருகிறது என்று பயந்தாயே, அதைப் பற்றியும் சொல்ல வேண்டும். எல்லாருக்கும் ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி வரை உதிரும். நேரான முடி உதிர்ந்தால் தரையில், துணியில் விழுந்துவிடும். உன் முடி உதிர்ந்தாலும் பக்கத்துச் சுருளைப் பிடித்துக்கொண்டு உள்ளேயே இருக்கும். மூன்று நாள் கழித்து நனைத்தால் மூன்று நாள் உதிர்ந்தது மொத்தமும் ஒன்றாகக் கையில் வரும். அதைப் பார்த்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. வகிடு அகலமாகிறது, அங்கங்கே திட்டாகத் தெரிகிறது என்றால் மட்டும் தோல் டாக்டரிடம் போ. ரத்தத்தில் இரும்புச் சத்து, தைராய்டு இரண்டும் பார்க்கச் சொல்வார்கள். ஹாஸ்டல் நாட்களில் உனக்கு ரத்தம் குறைவாக இருந்தது, அதனால் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லதுதான். முருங்கைக்கீரையும் கம்பும் வாரத்தில் இரண்டு நாளாவது சாப்பிடு.

இதற்கெல்லாம் நேரமில்லை என்று ஷாம்புதான் வாங்குவாய் என்றாலும் நான் கோபப்படமாட்டேன். பாட்டிலின் முன்பக்கம் இலைப் படமும் "ஹெர்பல்" என்ற எழுத்தும் இருப்பதை நம்பாமல் திருப்பிப் பின்பக்கம் படி. அளவில் அதிகமாக இருப்பதைத்தான் முதலில் போடுவார்கள். முதல் மூன்று நான்கு பெயருக்குள் சோடியம் லாரில் சல்ஃபேட் இருந்தால் வைத்துவிட்டு வா. கோகோ குளுகோசைடு, டெசில் குளுகோசைடு என்று இருந்தால் எடுக்கலாம், அவை தேங்காய், சர்க்கரை மாதிரிப் பொருட்களிலிருந்து செய்கிற மென்மையான நுரைப்பான்கள். கண்டிஷனரில் "கோன்" என்று முடிகிற பெயர்கள் சிலிக்கோன். கெடுதல் என்று சொல்லமாட்டேன், ஆனால் சீயக்காய்த் தண்ணீருக்கு அது சரியாகப் போகாது, படிந்துகொண்டே வரும். சீயக்காய் பழகுகிற வரைக்கும் அதைத் தவிர்.

முதல் இரண்டு மூன்று வாரம் முடி கொஞ்சம் கனமாக, மெழுகு மாதிரி இருக்கலாம். அதைப் பார்த்து விட்டுவிடாதே. கல்யாணத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. அலங்காரத்துக்கு நம் ஊரிலேயே சுருட்டை முடிக்குப் பின்னல் போடத் தெரிந்த ஒரு அக்காவிடம் அம்மா பேசிவிட்டாள். "நேராக்கவே வேண்டாம், இந்த முடியில் பூ வைத்தால் ஊசியே இல்லாமல் நிற்கும்" என்று அவரே சொன்னாராம். பின்னி ஜடைபில்லை வைப்பதா, கொண்டை போடுவதா என்று அவர் கேட்கிறார். நீ அடுத்த வாரம் அரப்பு போட்டுக் குளித்துவிட்டு, காய்ந்த பிறகு முன்பக்கம், பின்பக்கம் இரண்டும் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து அம்மாவின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பு. அரப்பு தீரப்போகும் நேரத்தில் சொல்லிவிடு, அரைத்து வைக்கிறேன்.

அன்புடன்,
அப்பா