சித்தாள் காலுக்கும் அளவு எடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் 19 வருடமாகச் சித்தாள் வேலை பார்க்கிறேன். ஊர் வாணியம்பாடி பக்கம். வேலூர், ஓசூர், பெங்களூரு என்று வேலை கிடைக்கிற இடத்துக்குக் குழுவாகப் போய்த் தங்கிச் செய்வோம். என் கால் அளவு 4. அந்த அளவில் எனக்கு ஒரு சேஃப்டி ஷூ கிடைக்கவில்லை என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன்பு ஓசூரில் ஒரு அடுக்குமாடி வேலை. ஷூவும் ஹெல்மெட்டும் இல்லாமல் உள்ளே வரக்கூடாது என்று வாசலிலேயே எழுதிப் போட்டிருந்தார்கள். நல்ல விஷயம். ஒப்பந்ததாரர் மூட்டையில் ஷூ கொண்டுவந்து இறக்கினார். நாங்கள் பெண்கள் பதினோரு பேர். மூட்டையில் இருந்ததிலேயே சின்னது 7. "முன்னாடி துணியைத் திணிச்சுக்கோங்கம்மா" என்றார் சூப்பர்வைசர். பழைய சேலையைக் கிழித்துத் திணித்துக்கொண்டோம். அடி வைத்தால் குதிகால் மட்டும் எழும்பும், ஷூ தரையிலேயே நிற்கும். தலையில் ஜல்லிச் சட்டியோடு சாய்வுப் பலகையில் ஏறும்போது குனிந்து காலைப் பார்க்க முடியாது. பாதம்தான் பலகையைத் தடவித் தடவி வழி கண்டுபிடிக்க வேண்டும். துணி அடைத்த ஷூவுக்குள் பாதத்துக்கு எதுவும் தெரியாது. மூன்றாம் நாள் பலகையில் அடித்திருந்த குறுக்குச் சட்டத்தில் ஷூ முனை தட்டி விழுந்தேன். கணுக்கால் பிசகிவிட்டது. அதைப் பார்த்த மற்றவர்களும் மறுநாளே ரப்பர் செருப்புக்கு மாறிவிட்டார்கள். "வாங்கிக் கொடுத்தாலும் பொம்பளைங்க போடமாட்டேங்கிறாங்க சார்" என்று சூப்பர்வைசர் போனில் சொன்னதை நானே கேட்டேன்.

அடுத்த மாதம் சென்ட்ரிங் பலகை (தளம் இறுகும்வரை கான்கிரீட்டைத் தாங்குகிற பலகை) பிரித்துப் போட்டிருந்த இடத்தில் ஆணி ஏறியது. செருப்பைத் துளைத்து, பாதத்தைத் துளைத்து, பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே முனை மேலே வந்து நின்றது. காலைத் தூக்கினால் செருப்பும் பலகையும் சேர்ந்தே வந்தன. டி.டி. ஊசி, கட்டு, 16 நாள் கூலி போச்சு.

என் தங்கை ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பகுதி, தைக்கிறாள். காலைப் பார்க்க வந்தவளிடம் மூட்டையில் வந்த ஷூவைக் காட்டினேன். புரட்டிப் பார்த்துவிட்டு, "இது ஆம்பளை லாஸ்ட்ல செஞ்சதுக்கா. இதுல 4 செஞ்சாலும் உனக்குச் சேராது" என்றாள். லாஸ்ட் என்பது கால் வடிவக் கட்டை. அதன் மேல்தான் தோலை இழுத்து ஷூவாக்குவார்கள். பெண்ணுக்குக் குதிகால் ஒடுங்கி இருக்கும். எங்களைப் போல வெறுங்காலிலும் செருப்பிலும் சுமை தூக்கியவர்களுக்கு விரல் பக்கம் நன்றாக விரிந்திருக்கும். முன்பக்கம் பிடித்தால் பின்பக்கம் கழலும், பின்பக்கம் சரியாக இருந்தால் முனையில் உள்ள இரும்புத் தொப்பி சுண்டுவிரலை அறுக்கும். தங்கை வெளிநாட்டுக்குப் போகிற பெண்கள் ஷூவை நாள் முழுக்கத் தைக்கிறாள். அந்தக் கைக்கு எங்கள் ஷூவையும் தைக்கத் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் கடை கடையாக ஏறி இறங்கினோம். சாயங்காலம்தான் போனோம், ஏனென்றால் வேலை செய்கிற கால் பொழுது சாயும்போதுதான் வீங்கியிருக்கும். பெண்களுக்கென்று சேஃப்டி ஷூ செய்வதும் உண்டாம், நாங்கள் போன எந்தக் கடையிலும் இல்லை. ஏழாவது கடையில் 5-ஆம் அளவு ஒரே ஒரு ஜோடி இருந்தது. 1,150 ரூபாய். எனக்கு இரண்டு நாள் கூலிக்குக் கிட்டத்தட்ட. தங்கை முதலில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் சேஃப்டி ஷூவுக்கான தர எண் ஐ.எஸ். 15298-உம் இருக்கிறதா என்று பார்த்தாள். அந்தத் தர விதியின் இரண்டாம் பகுதிப்படி செய்த ஷூ என்றால், 20 கிலோ எடை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும் முனைத் தொப்பி விரலைக் காக்க வேண்டும். தொப்பி மட்டும் போதாது, அடியில் ஆணி ஏறாத தகடு உண்டா என்று தனியாகக் கேட்க வேண்டும். தயாரித்த மாதமும் முக்கியம். பி.யு. (பாலியூரித்தேன்) சோல் உள்ள ஷூ, காலில் போடாமல் பெட்டியிலேயே கிடந்தாலும், அந்த சோல் வருடக்கணக்கில் ஈரக்காற்றில் பொடிந்துபோகும். ஓசூரில் எங்களோடு இருந்த ஒரு அக்காவுக்கு இரண்டாம் நாளே சோல் வெல்லக்கட்டி போல உதிர்ந்தது.

கனமான உள் அட்டை ஒன்றும் தடித்த சாக்ஸும் போட்டு 5-ஐ 4 ஆக்கி 14 மாதமாக நடக்கிறேன். தினமும் வேலை முடிந்ததும் சிமெண்டைக் கழுவி, உள்ளே செய்தித்தாளைத் திணித்து நிழலில் காயவைக்கிறேன். சிமெண்டு ஒட்டியபடியே விட்டால் தோல் வெடித்துவிடும்.

தளம் போடும் நாளில் இந்த ஷூவும் உதவாது, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் வேண்டும். ஈரக் கான்கிரீட் மேல்வாய் வழியாக உள்ளே விழுந்தால் வெறுங்காலை விட மோசம். அந்த நேரம் வலிக்காது, ராத்திரிதான் எரியும். விடிந்தால் விரல் இடுக்கில் தோல் உரிந்து வெள்ளையாக நிற்கும். சேலையைத் தூக்கிச் செருகியிருக்கிற எங்களுக்குப் பூட்ஸ் வாயை மூடப் பேண்டும் கிடையாது. அந்தப் பூட்ஸும் ஆண் அளவில்தான் வருகிறது.

கட்டட மதிப்பில் 1 சதவீதம் எங்கள் நலனுக்கென்று வசூலாகிறது. அந்தப் பணத்தில் பெண் லாஸ்டில் 3, 4, 5 அளவு ஷூவும் ரப்பர் பூட்ஸும் செய்து தர ஆம்பூரிலேயே ஆர்டர் கொடுக்கலாம். ஒப்பந்ததாரர்கள் மூட்டை வாங்குவதற்கு முன் ஒவ்வொருவர் காலையும் காகிதத்தில் வைத்துப் பென்சிலால் ஒரு கோடு இழுக்கட்டும். ஒரு ஆளுக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

இப்படிக்கு,
ஒரு கட்டடத் தொழிலாளி,
வாணியம்பாடி வட்டம், திருப்பத்தூர் மாவட்டம்.