ஒரு பவுன் எடையில் ஒரு குண்டு

சான் அன்டோனியோ, டெக்சாஸ்

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். தர்மபுரியில் நீங்களும் அம்மாவும் நலந்தானே? துப்பாக்கிக்காரர் வீட்டில் உனக்கென்ன வேலை என்று அம்மா போனில் பதறினாள். இதைப் படித்துக் காட்டுங்கள். விசாவில் வந்த என்னைப் போன்றவர்கள், சில விலக்குகள் தவிர, துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க இந்த நாட்டுச் சட்டமே இடம் தராது. தள்ளி நின்று வேடிக்கை பார்ப்பதோடு சரி.

பக்கத்து வீட்டுப் பெரியவர் ஓய்வுபெற்ற தபால்காரர். கார் நிறுத்தும் அறையில் மேசை போட்டு, தன் கைத்துப்பாக்கிக்குத் தானே தோட்டா செய்துகொள்கிறார். சொந்த உபயோகத்துக்கென்றால் மத்திய அரசின் உரிமம் தேவையில்லை, விற்பதற்குத்தான் வேண்டும். நம் ஊரில் செய்தால் கம்பி எண்ண வேண்டியதுதான்.

அந்த மேசையைப் பார்த்ததும் உங்கள் நகைப் பட்டறைதான் கண்முன் வந்தது. சின்னத் தராசு, விளக்கு, பேச்சில்லாத வேலை. எடையெல்லாம் கிரெயின் கணக்கு. ஒரு கிராமுக்கு 15.43 கிரெயின். தோட்டாவின் முனையில் பொருத்த அவர் வாங்கும் ஈயக்குண்டு 124 கிரெயின். கணக்குப் போட்டால் 8 கிராமுக்கு மேல் ஒரு மயிரிழை. ஒரு பவுன்! நம் ஊர்த் தங்கத்தின் விலையைச் சொன்னேன். ‘எனக்கு ஈயமே போதும்’ என்றார்.

குண்டின் மேல் சிவப்பாக ஒரு பூச்சு. பிளாஸ்டிக் போன்ற பொருளைப் பூசி அடுப்பில் சுட்டு இறுக வைப்பார்களாம். வெறும் ஈயம் துப்பாக்கிக் குழலுக்குள் அப்பிக்கொள்ளும். அதைத் தடுக்க மெழுகு தடவினால் புகை மூட்டும். செம்பு உறை போட்டது விலை அதிகம். பூச்சுக் குண்டு இரண்டுக்கும் நடுவில். ஆனால் குண்டைச் செருகும் பித்தளைக் கூட்டின் வாயை முதலில் சற்று அகட்டிக்கொள்ள வேண்டும். அன்று ஒன்றில் அது போதவில்லை. குண்டை அழுத்தியதும் பூச்சு வளையமாகச் சீவிக்கொண்டு வந்தது, நீங்கள் அரம் போடும்போது சுருண்டு விழுமே, அப்படி. வாய் திறக்காமல் அதைத் தனியே எடுத்து வைத்தார். கழிவுக்குக் கணக்குக் கேட்க அங்கே தங்கம் தரும் சேட்டு இல்லை!

அப்பா, நான் முக்கியமாக எழுத வந்தது வேறு. வேலை முடிந்ததும் அவர் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுகிறார். மேசையருகே தின்பதில்லை, குடிப்பதில்லை. பூச்சு இருந்தாலும் ஈயம் ஈயந்தான், தோட்டாவின் அடியில் தீப்பொறி கொடுக்கும் பிரைமரின் புகையிலும் அது இருக்கிறது என்கிறார். நீங்களோ ஜன்னலைச் சாத்திக்கொண்டு ஊதுகுழல் ஊதுகிறீர்கள், அமிலம் காய்ச்சுகிறீர்கள். கேட்மியம் கலந்து பற்றவைக்கும் கேடிஎம் முறை நடந்த காலத்தில் எவ்வளவு கேட்மியப் புகையை விழுங்கினீர்களோ! அது நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். காற்று வந்தால் தீ அலையும் என்பீர்கள், தெரியும். அதனால்தான் புகையை வெளியே இழுக்கும் விசிறியை அமிலச் சட்டிக்கு மேலே வைக்கச் சொல்கிறேன், பற்றவைக்கும் பலகைக்கு எதிரே அல்ல.

பணம் அம்மா கணக்கில் போட்டிருக்கிறேன். தை வரட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். தம்பியைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். விசிறி சுற்றுவது தெரிய வேண்டும்.

அன்புடன்,
உங்கள் மகன்